தேவை ஏற்கெனவே நிறைவேறியது

அத்தியாயம் 14

பினா சிபேகோவின் வீட்டில் பதினோரு நாளாக மூன்று வேளையும் மபிசிதான். சங்கம் திருப்பி அனுப்பிய பால் வேறு என்ன ஆகும்? புளிக்கும். கேன் கேனாகப் புளித்த பாலை நிஷிமா என்கிற சோளக் களியோடு தின்று தின்று, இப்போது அந்த வீட்டு நாய்கூடச் சட்டியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காக நாலு வரி. சிக்கோங்கா பால் சங்கத்தில் முப்பது வருஷ உறுப்பினரான பினா சிபேகோ, பாலில் தண்ணீர் கலப்பதாகச் சங்கத்துக் கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. அப்படிச் சொன்ன புரோகிராமை இரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்தது வேறு யாருமில்லை, அவளுடைய இளைய மகள் லுயாண்டோ. லுசாகாவில் ஒரு விதைக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், செய்தி கேட்டதும் பஸ் ஏறி வந்து, தப்பு தன் கணக்கில்தான் என்று கண்டுபிடித்துத் திருத்தியும் விட்டாள். திருத்தியது வீட்டில், அவளுடைய மடிக்கணினியில் வேலை செய்தது. சங்கத்தில் செய்யவில்லை. அங்கே அது இன்னும் ‘தண்ணீர்’ என்றே பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

இன்று வியாழக்கிழமை, பத்து மணிக்கு விசாரணை. அது முடியும்போதும் கம்ப்யூட்டர் ‘தண்ணீர்’ என்றால், பினா சிபேகோவின் பெயர் உறுப்பினர் பட்டியலில் இருக்காது. பெயர் போனபின் அந்தப் பக்கத்தில் ஒன்பது மாட்டுப் பாலை வாங்க வேறு நாதி கிடையாது. அதைவிட, சர்ச்சில் அவள் பக்கத்தில் உட்கார ஆள் இருக்காது.

காலை ஏழு மணிக்கே அக்டோபர் வெயில் முற்றத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. லுயாண்டோவின் தம்பி சோல்வே பழைய டியூபால் கேனை சைக்கிளில் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். வியாழன்தோறும் அம்மாவுக்குச் சர்ச்சில் பெண்கள் கூட்டம். வாரத்தில் அந்த ஒரு நாள் மட்டும் கேன் அவன் பொறுப்பு.

“இன்னைக்கு நான் கூட்டத்துக்குப் போகல, நானே மிதிச்சுக்கிட்டுப் போறேன்,” என்றாள் அம்மா.

“வேணாம்மா. நான் கொண்டு வர்றேன். நீங்க அக்காகூட பிக்கப்ல போங்க.”

“நீ ஏண்டா இப்படி வேர்க்கிறே? இன்னும் மிதிக்கவே இல்லையே.”

சோல்வே ஏறி மிதித்தான். லுயாண்டோ அதை மனதில் வாங்கவில்லை. அவள் தலைக்குள் ஒரே ஒரு கேள்விதான் மூன்று நாளாகக் குடைந்துகொண்டிருந்தது. அதே வரிகள், அதே ஃபோல்டர். வீட்டில் சரி, சங்கத்தில் தப்பு. எப்படி?

“முகத்தை ஏண்டி இப்படி வச்சிருக்கே?” என்றாள் அம்மா, பிக்கப்பின் பின்னால் சோள மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தபடி. “நான்தானே திருடி. நீ இல்லையே.”

“உங்களைத் திருடின்னு சொன்னது நான் எழுதினதும்மா.”

“அப்போ இன்னைக்கு வேற மாதிரி சொல்ல வை. அவ்வளவுதானே.”

பினா சிபேகோவுக்கு உலகத்தில் எதுவுமே அவ்வளவுதான்.

*

சங்கத்தின் பரிசோதனை அறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது பால் அல்ல, கிளெமென்ட் ஹச்சூண்டே. சுவரை அடைத்து ஒரு பேனர். ‘டிஜிட்டல் உருமாற்றத்தின் இரண்டாம் ஆண்டு’ என்று எழுத்து. ஓரத்தில் ஒரு மாடு. நடுவில் மாட்டைவிடப் பெரிதாகக் கிளெமென்ட். பேனருக்குக் கீழே அசல் கிளெமென்ட், முப்பத்தாறு டிகிரி வெயிலில் மூன்று துண்டு சூட்டில், தன் படத்துக்குப் போட்டியாக நின்றுகொண்டிருந்தார். சங்கத்தின் தொழில்நுட்ப ஆலோசகர். லுயாண்டோவின் அக்கா சிபேகோவுக்குக் கணவர்; ‘பினா சிபேகோ’ என்றாலே சிபேகோவின் அம்மா என்றுதான் பொருள். ஆக, விசாரணைக்குள்ளான அம்மாள் அவருக்கு மாமியார்.

பாலை அளந்து சோதிக்கிற முவீண்டே கிழவர் யானைக் குலம், அம்மா ஆட்டுக் குலம்; இரண்டு குலத்துக்கும் கேலி உறவு. அந்த உறவு இருப்பவர் எதைச் சொன்னாலும் கோபிக்கக் கூடாது, கோபித்தால் சிரிப்பார்கள்.

“வா ஆட்டுக்காரி,” என்றார். “உன் மாடுங்க புல்லு தின்னுதா, இல்ல கிணத்தையே முழுங்குதா?”

“உன் மூஞ்சியைப் பாத்த பயத்துல என் பால் தண்ணியாயிடுது, யானை மூக்கா.”

இருவரும் திருப்தியாகக் கைதட்டி வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். சங்கத் தலைவர் ஹந்தோம்பா தொண்டையைச் செருமினார். குழுவில் ஐந்து பேர். சோல்வே கேனை இறக்கி வைத்துவிட்டு வாசலோரம் நின்றான்.

கிளெமென்ட் ஆரம்பித்தார். “மாண்புமிகு தலைவர் அவர்களே, பெருமதிப்புக்குரிய குழு உறுப்பினர்களே. நாம் வாழ்வது தரவுகளின் யுகம். கம்ப்யூட்டருக்குச் சொந்தபந்தம் கிடையாது. மாமியார் கிடையாது. மச்சினி கிடையாது.”

மருமகன் மாமியாரின் முகத்தை நேருக்கு நேர் பார்ப்பது மரியாதை இல்லை. ஆகவே குற்றச்சாட்டு முழுவதையும் அவர் சுவரிலிருந்த தன் படத்தைப் பார்த்தே படித்தார். படம் ஒப்புக்கொள்வதுபோல் சிரித்துக்கொண்டே இருந்தது.

“பால்மானி காட்டுகிற எண், பாலின் சூடு, இரண்டையும் முவீண்டே அவர்கள் பதிவு செய்கிறார். லுயாண்டோ எழுதிய ‘முகுபா’ லைப்ரரி கணக்குப் போடுகிறது. இருபத்தெட்டுக்குக் கீழே போனால் தண்ணீர். சம்பந்தப்பட்ட அம்மையாரின் பால் பதினோரு முறை கீழே போயிருக்கிறது.”

“கணக்குல தப்பு இருந்துச்சுன்னு போன வாரமே சொன்னேன் அத்தான்,” என்றாள் லுயாண்டோ. “பால் சூடா இருந்தா பால்மானி குறைச்சுக் காட்டும். இருபது டிகிரிக்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் கொஞ்சம் கூட்டணும். நான் இருபத்தஞ்சோட நிறுத்திட்டேன். ஜூலையில, நம்ம குளிர்காலத்துல உக்காந்து எழுதினேன், இருபத்தொம்பது டிகிரியில பால் வரும்னு தோணல. போன வருஷம் வரைக்கும் வேன் விடியறதுக்குள்ள வாசல்லயே வந்து எடுத்துட்டுப் போச்சு. இந்த வருஷம் வேனை நிறுத்தினீங்க. எட்டு கிலோமீட்டர் வெயில்ல சைக்கிள்ல வருது.”

வேனை நிறுத்திய தலைவர் ஜன்னலுக்கு வெளியே எதையோ கவனித்தார்.

“உணர்ச்சி வேண்டாம், தரவு வேண்டும்,” என்றார் கிளெமென்ட். “அவர் திருத்தியதாகச் சொன்னார். நான் தடுக்கவில்லை. இதே மேசைத் திரையில் இருக்கிற ஃபோல்டரில் திருத்தினார். முடிவு மாறவில்லை. இந்தத் திங்கட்கிழமை, உங்கள் எல்லோர் முன்னிலையிலும், லைப்ரரியை நானே மறுபடி நிறுவினேன். கம்ப்யூட்டர் என்ன சொன்னது? பதிவில் இருக்கிறது.”

கோப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். அதன் மேல் சங்கத்து முத்திரை குத்தியிருந்தது.

“‘தேவை ஏற்கெனவே நிறைவேறியது.’”

எல்லோரும் பயபக்தியோடு தாளைப் பார்த்தார்கள். யாருக்கும் புரியவில்லை என்பதால் எல்லோருக்கும் அது தீர்ப்பு மாதிரியே கேட்டது.

லுயாண்டோவுக்கு மட்டும் உள்ளே ஏதோ டக்கென்று விழுந்தது.

“அத்தான், கட்டளையில என்ன போட்டீங்க? ஃபோல்டரைக் காட்டினீங்களா, பேரை மட்டும் போட்டீங்களா?”

“பெயர். உலகம் முழுவதும் பெயர்தான் போடுவார்கள்.”

“அப்போ அது சொன்னதுக்கு அர்த்தம் இதுதான்: ‘முகுபான்னு ஒண்ணு ஏற்கெனவே இங்க இருக்கு, என்னைத் தொந்தரவு பண்ணாதே.’ பழசா புதுசான்னு அது பாக்கல. அதுக்கு நீங்க முத்திரை குத்தி வச்சிருக்கீங்க.”

முவீண்டே வாயைப் பொத்திக்கொண்டார். கேலி உறவு கிளெமென்ட்டோடு இல்லாததால் சிரிக்க உரிமை இல்லை. தோள் மட்டும் குலுங்கியது.

லுயாண்டோ கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். ‘முகுபாவைக் கூப்பிடு; அது எந்த இடத்திலிருந்து வருகிறது என்று காட்டு’ என்று கேட்கிற ஒற்றை வரியைத் தட்டினாள். திரையில் நீளமாக ஒரு முகவரி வந்தது. மேசைத் திரையின் ஃபோல்டர் இல்லை. புரோகிராமை ஓட்டுகிற பைதானின் சொந்தக் கிடங்குக்குள், ஆழத்தில், வேறொரு இடம். தேதி: இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஜூலை.

மூன்று நாளாகக் குடைந்த கேள்விக்கு அதோ பதில். வீட்டில் அவள் அந்த ஃபோல்டருக்கு உள்ளேயே உட்கார்ந்து ஓட்டினாள். பைதான் முதலில் காலடியில் கிடப்பதைத்தான் எடுக்கும், ஆகவே புதியது ஓடியது. சங்கத்தில் புரோகிராம் வேறு இடத்திலிருந்து ஓடுகிறது. அது நேராகக் கிடங்குக்குப் போய், தூசி தட்டாமல், பழையதை எடுத்துக்கொண்டு வருகிறது. மூன்று நாளாக அவள் திருத்தியது ஓடாத பிரதியை.

“தலைவரே, ஒரு லைப்ரரியை ரெண்டு விதமா நிறுவலாம்,” என்றாள் திரும்பி. “ஒண்ணு, பயன்படுத்தறதுக்கு. அப்போ அது ஒரு பிரதி எடுத்துக் கிடங்குல வச்சுக்கும். மாட்டைக் கறந்து கேன்ல ஊத்திக் கொண்டு போற மாதிரி. அப்புறம் நீங்க மாட்டுக்கு என்ன வைத்தியம் பண்ணாலும் கேன்ல இருக்கிற பால் மாறாது. இன்னொண்ணு, எழுதித் திருத்தறவங்களுக்கு. அதுல பிரதி எடுக்காது. ‘மாடு அதோ அங்க நிக்குது, வேணுங்கிறப்ப போய்க் கறந்துக்கோ’ன்னு ஒரு கைகாட்டியை மட்டும் நட்டு வைக்கும். அத்தான் கேன்ல ஊத்தி வச்சார். நான் மூணு நாளா மாட்டுக்கு வைத்தியம் பார்த்துக்கிட்டிருந்தேன்.”

மாடு என்றதும் ஐந்து பேருக்கும் முகத்தில் உயிர் வந்தது.

பினா சிபேகோ மருமகன் நின்ற திசைக்குச் சற்றுத் தள்ளி, பேனரைப் பார்த்துக் கேட்டாள். “அப்போ ரெண்டு வருஷத்துப் பாலையா அந்தப் பெட்டிக்குள்ள வச்சுக்கிட்டிருக்கீங்க? இந்நேரம் மபிசி ஆகியிருக்குமே.”

இந்த முறை தலைவரே சிரித்துவிட்டார்.

“பயன்பாட்டுக்கு நிறுவுவதுதான் முறை!” என்றார் கிளெமென்ட். “சர்வதேசத் தரம்!”

“நீங்க நிறுவின விதம் தப்பே இல்ல அத்தான்,” என்றாள் லுயாண்டோ. “ஃபோல்டர்ல திருத்தினா போதும்னு என்கிட்ட சொன்னீங்களே, அதுதான் தப்பு. நானும் கேக்காம நம்பினேன். தலைவரே, பழசை எடுத்துட்டு, கைகாட்டி முறையில நிறுவட்டுமா?”

தலைவர் தலையசைத்தார். அப்போது மின்சாரம் போனது.

யாரும் ஆச்சரியப்படவில்லை. பால் தொட்டியின் சோலார் பேட்டரி ஒரு முனகலோடு பொறுப்பேற்றது. கம்ப்யூட்டர் கண் சிமிட்டாமல் நின்றது. ஆனால் ஊர்க் கோபுரத்துக்குச் சோலார் கிடையாது. எல்லோர் போனிலும் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகப் படுத்தன.

கிளெமென்ட்டின் குரலில் கஞ்சி போட்ட விறைப்பு திரும்பியது. “இன்டர்நெட் இல்லாமல் நிறுவ முடியாது என்பது பாலர் பள்ளிப் பாடம். கம்ப்யூட்டரில் உள்ளதே நிற்கிறது. தீர்மானத்தை நிறைவேற்றிவிடலாம்.”

“பழசை எடுக்கிறேன்,” என்றாள் லுயாண்டோ.

“எடுத்துட்டு வைக்க முடியலைன்னா?” என்றார் தலைவர். “மத்தியானம் நாப்பது பேர் பால் கொண்டு வருவாங்கம்மா. எதை வச்சுச் சோதிக்கறது?”

நியாயமான கேள்வி. லுயாண்டோ அம்மாவைப் பார்த்தாள். அம்மா கைப்பையிலிருந்து ஒரு வறுத்த நிலக்கடலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்.

“என்னை என்னத்துக்குப் பாக்கறே? எடு.”

நீக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆம் என்றாள். இரண்டே விநாடி. இரண்டு வருஷத்துக் கிடங்குப் பால் கொட்டப்பட்டது. இப்போது அந்தக் கம்ப்யூட்டருக்குப் பாலும் தெரியாது, தண்ணீரும் தெரியாது.

ஃபோல்டருக்குள் போய் நிறுவும் கட்டளையைத் தட்டினாள். நடுவே ஒரு சின்னக் கோடு போட்ட ‘இ’. அதுதான் பிரதி எடுக்காதே, கைகாட்டி நடு என்பது. கடைசியில் ஒரு புள்ளி. இந்த ஃபோல்டரையே எடு என்பது. தட்டிவிட்டுக் காத்திருந்தாள்.

திரை சிவந்தது. வரிமேல் வரியாக, பத்து, பதினைந்து, இருபது சிவப்பு வரிகள்.

“நான் சொன்னேன்,” என்றார் கிளெமென்ட், தன் படத்திடம்.

முவீண்டே கிழவர் எட்டிப் பார்த்தார். “ஆட்டுக்காரி, உன் மக பெட்டிக்கு அம்மை போட்டுடுச்சு.”

லுயாண்டோ காதில் எதுவும் விழவில்லை. சிவப்பைக் கண்டதும் பயந்து மேலே உருட்டி விடுவதுதான் வழக்கம். அவள் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொன்றாகப் படித்தாள். ஏழாவது வரியில் விஷயம் இருந்தது. லைப்ரரியைக் கட்டி எழுப்ப ஒரு கருவி வேண்டுமாம், அதை வெளியிலிருந்து புதிதாகத் தருவிக்கப் பார்த்திருக்கிறது, வழி அடைத்திருக்கிறது. ஆனால் அந்தக் கருவி இதே கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கத்தான் செய்கிறது. அடுக்களையில் சம்மட்டியை வைத்துக்கொண்டு, எதிர்வீட்டில் இரவல் கேட்கப் போய்க் கதவு பூட்டியிருக்கிறதென்று அழுகிற மாதிரி.

அதே கட்டளையை மறுபடி தட்டினாள். கூடவே ஒரு நிபந்தனை: தனியாக எதையும் தருவிக்காதே, வீட்டில் இருப்பதை வைத்துக் கட்டு.

பேட்டரி முனகியது. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடலைத் தோல் தரையில் விழுகிற சத்தம்கூடக் கேட்டது.

‘முகுபா வெற்றிகரமாக நிறுவப்பட்டது.’

லுயாண்டோ உடனே எழுந்திருக்கவில்லை. ஃபோல்டரை விட்டு வெளியே வந்து, முவீண்டே தினமும் ஓட்டும் இடத்திலிருந்தே, அதே பழைய கேள்வியைக் கேட்டாள்: எங்கிருந்து வருகிறாய்? இந்த முறை முகவரி மேசைத் திரை ஃபோல்டரையே காட்டியது.

“இரும்மா,” என்றார் தலைவர். மாடு வைத்திருப்பவர் அல்லவா, மூளை அந்தப் பக்கமாகவே ஓடியது. “மாடு வெளியில நிக்குது, கைகாட்டிதான் இருக்குன்னா, யார் வேணாலும் அந்த ஃபோல்டர்ல கை வச்சு அவங்க பாலை நல்ல பால்னு சொல்ல வச்சுக்கலாமே?”

“வச்சுக்கலாம். அதனால இது சோதிக்கிற வரைக்கும்தான். நீங்க எல்லாரும் பாத்து ஒத்துக்கிட்டதும், புதுப் பதிப்பு எண் போட்டு, பயன்பாட்டுக்குன்னு ஒரு பிரதி நிறுவி, ஃபோல்டரை நான் எடுத்துட்டுப் போயிடுவேன். அப்புறம் நானே நினைச்சாலும் மாத்த முடியாது.”

“அதைத்தான் நானும் ஆரம்பத்திலிருந்து...” என்று தொடங்கினார் கிளெமென்ட். யாரும் திரும்பிப் பார்க்காததால் மீதியை விழுங்கிக்கொண்டார்.

முவீண்டே பதிவு செய்திருந்த பழைய எண்களும் சூடும் அப்படியே இருந்தன. லுயாண்டோ அந்தப் பதினோரு நாளையும் வரிசையாக ஓடவிட்டாள். திரை அவள் பக்கம் திரும்பியிருந்தது. பட்டியல் கீழிறங்கியது.

ஐந்தாம் தேதி, ஞாயிறு: இருபத்தெட்டு புள்ளி மூன்று. பால். திங்கள்: பால். செவ்வாய்: பால். புதன்: பால்.

ஒன்பதாம் தேதி, வியாழன்: இருபத்திரண்டு புள்ளி எட்டு. தண்ணீர்.

அவள் கண் அங்கேயே நின்றது. அதற்குக் கீழே வெள்ளி முதல் நேற்றுவரை ஆறும் பால். ஒரே ஒரு வியாழன். எந்தச் சூட்டைக் கணக்கில் சேர்த்தாலும் எட்ட முடியாத பள்ளத்தில்.

கணக்கில் தப்பில்லை. இப்போது நிஜமாகவே தப்பில்லை. அதுதான் கஷ்டம்.

இந்த அறையில் இந்த வரியைப் பார்த்தது அவள் ஒருத்தி. பத்து சரி என்று சொல்லிப் பட்டியலை மூடினால், பதினொன்றாவதை யார் கேட்கப் போகிறார்கள்? இல்லை, ஃபோல்டர் திறந்துதான் கிடக்கிறது. ஒரு எண்ணை மாற்ற எவ்வளவு நேரம்? தலைவர் கேட்ட கேள்வி முதலில் அவள் மேலேயே வந்து நின்றது.

“என்னடி?” என்றாள் அம்மா.

“பத்து நாள் பால் சுத்தம்மா.”

“பதினொண்ணு திருப்பி விட்டாங்க. எனக்கு எண்ணத் தெரியும். பதினொண்ணையும் படி.”

லுயாண்டோ திரையை எல்லோர் பக்கமும் திருப்பி வைத்தாள். தேதியோடு, கிழமையோடு, ஒன்று விடாமல் சத்தமாகப் படித்தாள். வியாழனைப் படிக்கும்போது குரல் இறங்காமல் பார்த்துக்கொண்டாள்.

முவீண்டே கேலி செய்யவில்லை. முப்பது வருஷத்தில் பினா சிபேகோவுக்கு முன்னால் அந்த மனிதர் வாயடைத்து நின்றது அதுவே முதல் தடவை. அதைப் பார்த்தபின் அறையில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

தலைவர் நாற்காலியில் நிமிர்ந்தார். “பத்துக்கும் சங்கம் மன்னிப்புக் கேட்டுக்குது. பெயர் பட்டியல்ல இருக்கும். அந்த ஒரு கேனுக்கு மட்டும், அதைக் கொண்டு வந்த ஆள் அடுத்த வியாழன் இங்க வந்து பதில் சொல்லணும்.”

“வருவான்,” என்றாள் பினா சிபேகோ.

கடலைப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். எழுந்தாள். பேனரைப் பார்க்கவில்லை, மகளைப் பார்க்கவில்லை. நேரே வாசலைப் பார்த்தாள்.

வாசலோரம் யாரும் இல்லை. வெளியே வெள்ளை வெயிலில் ஒரு பழைய டியூப் பாம்பு மாதிரிச் சுருண்டு கிடந்தது. சைக்கிளைக் காணோம். தடம் வீட்டுப் பக்கம் திரும்பாமல், தார்ச்சாலையைப் பார்த்துப் போயிருந்தது.

“லுயாண்டோ,” என்றாள் அம்மா, இடுப்பில் சுற்றிய துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு. “அந்தப் பெட்டியில புதுப் பிரதியைப் போட்டுப் பூட்டிட்டு வா. நான் முன்னால நடக்கறேன்.”